பகலில் தனியாக இருக்கும் பெற்றோரும் கதவைத் தட்டும் அந்நியரும்: லண்டனில் என்ன சொல்லிக் கொடுக்கலாம்?

காவிரிச்செல்வி (ஹேரோ) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்திலிருந்து என் அப்பாவும் அம்மாவும் செப்டம்பர் கடைசியில் வந்து, விசா அனுமதிக்கும் ஆறு மாதமும் எங்களோடு தங்கவிருக்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போய்விடுவோம், மகள் பள்ளியில் இருப்பாள் என்பதால், வார நாட்களில் காலை முதல் மாலை வரை வீட்டில் அவர்கள் இருவர் மட்டுமே இருப்பார்கள். அந்நேரத்தில் முன்பின் தெரியாதவர் யாரேனும் வந்து அழைப்பு மணியை அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் எனக்கும் கணவருக்கும் கருத்து ஒத்துப்போகவில்லை. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

எங்கள் வீடு வாடகை வீடு, சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. முன்கதவைத் திறந்தால் நாலடி சிமெண்ட் தரை, அதற்கப்பால் நடைபாதை. ஊரில் எங்கள் வீட்டிற்குத் தெருவோரம் ஒரு இரும்பு கேட்டும், திண்ணையைத் தாண்டி ஒரு கிரில் கதவும் உண்டு. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் முதல் கோயில் நன்கொடை கேட்டு வருபவர் வரை எல்லோரிடமும் அப்பா கிரிலுக்கு உள்ளே நின்றபடியே பேசி அனுப்பிவிடுவார். இங்கே அப்படி எதுவும் இல்லை. கதவைத் திறந்துவிட்டால் வந்தவருக்கும் நம்மவருக்கும் இடையே கையெட்டும் தூரம்தான் இருக்கிறது.

யார் மணியடித்தாலும் சத்தம் காட்டாமல் இருந்துவிடுவதே நல்லது, அவசியமானவர்கள் எங்களுக்கு போன் செய்வார்கள் என்பது என் கணவரின் கருத்து. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. மீட்டர் பார்க்க வருபவர், பார்சல் கொண்டு வருபவர், வீட்டு உரிமையாளர் அனுப்பும் பிளம்பர் என்று உண்மையாகவே வேலையாக வருபவர்களும் இருக்கிறார்கள் அல்லவா? அப்பா தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவர்; ஆங்கிலம் நன்றாகப் படிப்பார், ஆனால் இங்குள்ளவர்கள் பேசும் வேகம் பிடிபடுவதில்லை. அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அரசாங்கத்திலிருந்து வருகிறேன் என்று யாராவது சொன்னால் மறுத்துப் பேசும் பழக்கமும் அவருக்குக் கிடையாது. போதாக்குறைக்கு, முன்பு குடியிருந்தவர் பெயருக்குக் கடன் வசூல் கடிதங்களும், தொலைக்காட்சி உரிமம் கேட்டுக் கடிதங்களும் எங்கள் முகவரிக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அதன் பேரில் யாராவது நேரில் வந்துவிட்டால் அப்பா என்ன சொல்ல வேண்டும்? யாரையெல்லாம் உள்ளே விட்டே ஆக வேண்டும், யாரை விட வேண்டியதில்லை?

வடமராட்சியான் (டூட்டிங்) எழுதியது:

சகோதரி, உங்கள் கணவர் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பகலில் களவெடுக்க வருகிறவன் பெரும்பாலும் முதலில் செய்வது கதவைத் தட்டிப் பார்ப்பதுதான். யாராவது பதில் சொன்னால், இல்லாத ஒருவரின் பெயரைக் கேட்டோ, உங்கள் கூரையில் ஓடு கழன்றிருக்கிறது என்று சொல்லியோ சமாளித்துவிட்டுப் போய்விடுவான். பதில் இல்லையென்றால் வீட்டில் ஆளில்லை என்று முடிவுகட்டி, ஒழுங்கையால் சுற்றிப் பின்வளவுக்குள் இறங்குவான். உள்ளே இரண்டு முதியவர்கள் மூச்சுக் காட்டாமல் இருப்பது அவனுக்குத் தெரியாது. பின்கதவை உடைத்துக்கொண்டு வந்தவன் சமையலறையில் அவர்களைக் காண்கிற அந்த நிலைமையைவிட ஆபத்தானது வேறில்லை. எனவே வீட்டில் ஆளிருப்பது வெளியே தெரிய வேண்டும். கதவு மட்டும் திறக்கக் கூடாது. இவை இரண்டும் வேறு வேறு விடயங்கள் என்பதை அப்பாவுக்குப் பதியவைத்துவிட்டீர்கள் என்றால் பாதி வேலை முடிந்தது.

நீங்கள் விவரிக்கிற மாதிரி வீடுகளில் முன் படுக்கையறை யன்னல் வாசலுக்கு நேர் மேலே அல்லது சற்றுத் தள்ளி இருக்கும். மணி அடித்தால் அந்த யன்னலைத் திறந்து, மேலே நின்றே ‘யெஸ்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். ஊரில் கிரில் செய்த வேலையை இங்கே அந்த யன்னல் செய்யும். வந்தவர் தலையை நிமிர்த்தித்தான் கதைக்க வேண்டும், வாசற்படியில் காலை வைத்துக் கதவை மூடவிடாமல் தடுக்கவும் முடியாது. படியேற முடியாத நாளில் பூட்டிய கதவுக்குப் பின்னால் நின்றபடி ‘நோ, தேங்க் யூ’ என்று உரத்துச் சொன்னால் போதும். மகள் வேலைக்குப் போயிருக்கிறாள், நாங்கள் தனியே இருக்கிறோம் என்பது போன்ற விவரம் எதையும் சொல்லக் கூடாது. எங்களவர்கள் வந்தவருக்கு மரியாதையாகக் காரணம் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நினைப்பார்கள்; இங்கே காரணம் சொல்ல வேண்டிய கடமை யாருக்கும் இல்லை.

முதியவர்களைக் குறிவைத்து வருகிறவர்கள் அனேகமாக இரண்டு பேராக வருவார்கள். தண்ணீர்க் கம்பனியிலிருந்து வருகிறோம், பக்கத்து வீதியில் குழாய் வெடித்துவிட்டது, உங்கள் குழாயில் அழுத்தம் பார்க்க வேண்டும் என்று ஒருவன் உள்ளே வந்து, சமையலறைக் குழாயைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்வான். குழாய் ஓடும் சத்தத்தில், திறந்திருக்கும் முன்கதவால் மற்றவன் மேல்மாடிக்குப் போய்விடுவான். கவனத்தைத் திருப்பித் திருடுவது என்று பொலிசார் இதைத் தனிவகைக் குற்றமாகவே குறிப்பிட்டு எச்சரிக்கிறார்கள். பிள்ளையின் பந்து பின்வளவுக்குள் விழுந்துவிட்டது என்றும், மயக்கமாக இருக்கிறது ஒரு கோப்பை தண்ணீர் வேண்டும் என்றும் கேட்டு வருவதும் உண்டு. தண்ணீர் கேட்டவருக்கு இல்லையென்று சொல்வது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எவ்வளவு பாரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் இதை அம்மாவிடம் தனியாகச் சொல்லி வையுங்கள், ஏனென்றால் அப்பாவைவிட அம்மாதான் இந்த இடத்தில் இளகுவார்.

வாசலில் மாவிலைத் தோரணமும் படியில் செருப்புகளும் இருந்தால் அது தங்கம் இருக்கக்கூடிய வீடு என்பது வெளியில் நிற்பவனுக்கும் தெரியும். இன்னொன்றையும் மறக்க வேண்டாம். வருகிறவர் நல்ல தமிழில் ‘அம்மா, எப்படிச் சுகம்?’ என்று தொடங்கினால் எங்களவர்கள் அரைநிமிடத்தில் கதவைத் திறந்துவிடுவார்கள். சமயப் பிரசுரம் கொடுக்க வருகிறவர்கள் தமிழ் பேசியே வருவதுண்டு. அவர்களால் கெடுதல் இல்லை. ஆனால் தமிழ் பேசுகிறார் என்பதே ஒருவருக்கு அனுமதிச் சீட்டாக இருக்கக் கூடாது.

வெளியில் நிற்பவர் போக மறுத்தாலோ, கதவை அசைத்துப் பார்த்தாலோ உடனே 999. ‘பொலிஸ்’ என்று சொல்லி, ‘தமிழ்’ என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்ப்பார்கள். பேச முடியாத நிலையில் கைப்பேசியிலிருந்து 999 அழைத்து, கேட்கும்போது 55 ஐ அழுத்தினால் அழைப்பு பொலிசுக்குப் போகும். ஆனால் அப்படி அழுத்துவதால் மட்டும் இருக்கும் இடம் அவர்களுக்குத் தெரிந்துவிடாது. ஆகவே தபால் குறியீட்டோடு முகவரியைப் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். அவசரமில்லாதவற்றுக்கு 101.

கதவுத்தச்சன் (ஸ்லவ்) எழுதியது:

கதவு, சன்னல் பொருத்துவதுதான் என் தொழில். முன்னவர் பேச்சைப் பற்றிச் சொல்லிவிட்டார், நான் கதவைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் வெள்ளை பிளாஸ்டிக் கதவு இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஊரிலிருந்து வருபவர்களுக்கு இந்தக் கதவில் ஒரு விஷயம் பிடிபடுவதே இல்லை. கதவைச் சாத்தியதும் வெளிக் கைப்பிடி அசையாததால், பூட்டிவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அப்போது கதவைப் பிடித்துக்கொண்டிருப்பது ஒரேயொரு சிறு நாக்கு மட்டுமே. வளையும் பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகியே பழகியவர்கள் அதை நகர்த்திவிடுவார்கள். கைப்பிடியை மேல்நோக்கி உயர்த்தினால்தான் கதவின் உயரம் முழுவதும் உள்ள கொக்கிகள் சட்டத்திற்குள் இறங்கும். அதன்பின் சாவியையும் திருப்பினால்தான் அவை அங்கேயே நிற்கும். உயர்த்து, திருப்பு என்ற இந்த இரண்டையும் அப்பாவும் அம்மாவும் உங்கள் கண்முன்னே பத்துத் தடவை செய்து பார்க்கட்டும். பின்கதவுக்கும் இதேதான். துணி காயப்போடப் பின்பக்கம் போய்விட்டு வந்து, கதவை வெறுமனே சாத்திவிட்டு உட்காருவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது.

அடுத்தது சாவி நுழையும் சிலிண்டர். பழைய சிலிண்டர் கைப்பிடித் தகட்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டிருந்தால், அதைக் கருவியால் பிடித்து ஒடித்துவிட்டு உள்ளே நுழைவது ஒரு நிமிட வேலைகூட இல்லை. டி.எஸ். 007 தரத்தில் மூன்று நட்சத்திரம் பொறித்ததோ, சோல்டு செக்யூர் டயமண்ட் முத்திரை உள்ளதோ போட்டால் அது ஒடிப்பதைத் தாங்கும். வாடகை வீடு என்பதால் நீங்களாக மாற்றாமல் உரிமையாளருக்கு மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். முன்பு குடியிருந்தவருக்குக் கடன்காரர்கள் கடிதம் அனுப்புகிறார்கள் என்கிறீர்கள். அவரிடம் உங்கள் வீட்டுச் சாவி ஒன்று இன்னமும் இருக்கலாம் என்ற காரணமே சிலிண்டரை மாற்றக் கேட்பதற்குப் போதும். பல உரிமையாளர்கள் இதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

உள்பக்கம் சாவிக்குப் பதிலாகக் கையால் திருப்பும் குமிழ் உள்ள சிலிண்டராகக் கேட்பது நல்லது. தீப்பிடித்தால் பெரியவர்கள் இருட்டில் சாவியைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் கதவில் கடிதம் போடும் துளை இருந்தால், அதன் வழியே கம்பியை விட்டுக் குமிழைத் திருப்பப் பார்ப்பார்கள், அருகிலுள்ள ஆணியில் தொங்கும் கார் சாவியையும் தூண்டில் போட்டு எடுப்பார்கள். துளையின் உள்பக்கம் ஒரு மூடியோ கூண்டோ பொருத்திவிட்டால் இந்தத் தொல்லை தீரும். சாவிகளை வாசலிலிருந்து எட்டாத, ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் வையுங்கள்.

கதவுச் சங்கிலி போடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. பிளாஸ்டிக் சட்டத்தில், உள்ளே இருக்கும் எஃகுப் பட்டையைத் தொடாமல், அரை அங்குலத் திருகாணியில் பொருத்திய சங்கிலி ஒரு உதைக்குத் தாங்காது. சங்கிலி இருக்கிற தைரியத்தில் திறக்க வேண்டாத கதவையும் திறப்பார்கள். போடுவதென்றால் எஃகுக்குள் திருகாணி இறங்கும்படி ஆள் வைத்துப் போடுங்கள். யாருக்காவது கதவைத் திறக்கும் அந்த நேரத்திற்கு மட்டும் மாட்டுங்கள். நாள் முழுவதும் மாட்டி வைத்தால் அவசரத்தில் அவர்களே வெளியே வர முடியாது.

உங்கள் நிலைமைக்கு ஏற்றது கேமரா உள்ள அழைப்பு மணிதான். மணியடித்ததும் உங்கள் போனில் ஆள் தெரியும், அலுவலகத்திலிருந்தே நீங்கள் ஆங்கிலத்தில் பேசலாம். ‘இப்போது கதவுக்கு வர முடியாது, என்ன விஷயம்?’ என்று கேட்டால் போதும். ஆபீசில் இருக்கிறேன் என்று சொல்லிவிடாதீர்கள். வீட்டில் அப்பாவுக்கும் ஒரு பழைய டேப்லெட்டில் அதே செயலியைப் போட்டுக் கொடுங்கள். கேமரா உங்கள் வாசலை மட்டும் பார்க்கும்படி கோணத்தையும் ஒலிப்பதிவையும் குறைத்து வைப்பது முக்கியம். உங்கள் எல்லைக்கு வெளியே படம்பிடித்தால் தகவல் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். 2021ஆம் ஆண்டு ஆக்ஸ்ஃபோர்டு கவுண்டி நீதிமன்றத்தில் இப்படி ஒரு வழக்கில் கேமரா வைத்தவருக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. அண்டை வீட்டார் பேச்சைத் தொலைவிலிருந்தே பதிவு செய்யும் அளவுக்கு ஒலிவாங்கி இருந்ததை நீதிபதி கடுமையாகச் சொன்னார்.

ஆலோசனை மேசை (ஈஸ்ட் ஹாம்) எழுதியது:

சமூக மையம் ஒன்றில் வாரந்தோறும் தமிழ்க் குடும்பங்களின் கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையைத் தன்னார்வமாகச் செய்து வருகிறேன். யாரை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்ற கேள்விக்கு, இங்கிலாந்துச் சட்டப்படி, உங்கள் பெற்றோர் சந்திக்கக்கூடிய சூழ்நிலைகளில் கிட்டத்தட்ட யாரையும் இல்லை என்பதே பதில்.

தொலைக்காட்சி உரிமம் தொடர்பாக வருபவர் பார்ப்பதற்கு அதிகாரி போலத் தோன்றினாலும், நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டிற்குள் நுழையும் உரிமை அவருக்குக் கிடையாது. உள்ளே விட முடியாது என்று சொல்லிவிடலாம். அதே நேரம், எந்த நாட்டுச் சேனலாக இருந்தாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்ப்பதற்கு, செயலி வழியாகப் பார்த்தாலும்கூட, உரிமம் தேவை. அம்மா மாலை நேரத் தமிழ்த் தொடர்களை நேரலையில் பார்க்கப்போகிறார் என்றால் உரிமத்தை வாங்கிவிடுங்கள், கடிதங்களும் நின்றுபோகும்.

கடன் வசூலிக்க வரும் பெய்லிஃப் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அவர்கள் முதல்முறை வருவதற்கு முன் ஏழு முழு நாட்கள் அவகாசம் தரும் அறிவிப்பு அனுப்ப வேண்டும். வீட்டிற்குக் காலை 6 மணி முதல் இரவு 9 மணிக்குள்தான் வரலாம். கவுன்சில் வரி, பார்க்கிங் அபராதம் போன்ற பெரும்பாலான கடன்களுக்கு முதல் வருகையில் கதவை உடைத்தோ, ஆளைத் தள்ளிக்கொண்டோ உள்ளே வர அவர்களுக்கு அதிகாரமில்லை. ஆனால் பூட்டாத கதவைத் திறந்துகொண்டு வரலாம், நீங்களாக உள்ளே விட்டாலும் வரலாம். ஒருமுறை உள்ளே வந்து பொருள்களைக் கணக்கெடுத்துவிட்டால் பிறகு நிலைமை வேறு. ஆகவே கதவுத்தச்சன் சொன்ன ‘உயர்த்து, திருப்பு’ திருடனுக்காக மட்டும் அல்ல. முன்பு குடியிருந்தவர் பெயரைச் சொல்லிக் கேட்டால், அவர் இங்கே இல்லை என்று பூட்டிய கதவுக்குப் பின்னாலிருந்தே சொல்லிவிட்டு, அடையாளச் சீட்டைத் துளை வழியே போடச் சொல்ல வேண்டும். மாலையில் நீங்கள் அந்த நிறுவனத்தை அழைத்து, வாடகை ஒப்பந்தத்தையும் கவுன்சில் வரிக் கடிதத்தையும் அனுப்பி முடித்துவிடலாம். இந்தப் பழைய கடிதங்களைக் கிழித்துப் போடாமல், அப்பெயரில் இங்கு யாருமில்லை என்று உறைமேல் எழுதித் திருப்பி அனுப்பத் தொடங்கினாலே பாதி வருகைகள் குறையும்.

பழுது பார்ப்பதற்கோ வீட்டைப் பார்வையிடுவதற்கோ வரும் வீட்டு உரிமையாளர் 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவிக்காமல் அவர் பெயரைச் சொல்லி வரும் பிளம்பரைத் திருப்பி அனுப்புவதில் தவறில்லை. மின்சாரம், எரிவாயு நிறுவனத்தார் வருவதைப் பற்றிக் கவலைப்பட்டீர்கள். அந்த நிறுவனங்களிடம் முன்னுரிமைச் சேவைப் பதிவேடு என்று ஒன்று உண்டு. ஓய்வூதிய வயதினரோ ஆங்கிலம் சரளமாகத் தெரியாதவரோ வீட்டில் இருந்தால் கணக்கு உங்கள் பெயரில் இருந்தாலும் நீங்கள் பதியலாம், கட்டணம் இல்லை. பதியும்போது ஒரு கடவுச்சொல் அமைத்துக் கேளுங்கள். அவர்கள் ஊழியர் வந்தால் அதைச் சொல்ல வேண்டும். தமிழ்ச் சொல்லாக வேண்டாம், வந்தவர் உச்சரிப்பதை அப்பா கண்டுகொள்ளக்கூடிய எளிய ஆங்கிலச் சொல்லாக வையுங்கள். தண்ணீர் நிறுவனங்களும் இதே ஏற்பாட்டைச் செய்து தருகின்றன. கடவுச்சொல் தெரியாதவர் யாராக இருந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். அட்டையில் அச்சிட்டிருக்கும் எண்ணை அழைத்து விசாரிக்கக் கூடாது. உங்கள் பில்லில் உள்ள எண்ணை அழைக்க வேண்டும்.

போலீஸ் என்று சொல்லி வருபவருக்கு, ஒருவரின் உயிரைக் காப்பது, கடும் குற்றத்திற்காக ஒருவரைக் கைது செய்வது போன்ற சில காரணங்களுக்கு ஆணையில்லாமலே நுழையும் அதிகாரம் உண்டு. சந்தேகம் இருந்தால் பெயரையும் எண்ணையும் கேட்டுக்கொண்டு, கதவைத் திறக்காமலே 101 ஐ அழைத்து உறுதி செய்யலாம். உண்மையான காவலர் அதுவரை காத்திருப்பார். குடிவரவு அதிகாரிகள் ஒரு வீட்டிற்குள் வர நீதிமன்ற ஆணையோ வீட்டாரின் சம்மதமோ வேண்டும். ஆணையைச் சன்னலில் காட்டச் சொல்லலாம். எந்த அதிகாரியும் வாசலில் நின்று பணம் கேட்பதில்லை. தொலைபேசியில் போலீஸ் என்று அழைத்து, உங்கள் வங்கி அட்டையில் மோசடி நடக்கிறது, வாங்கிப் போக ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டு, சற்று நேரத்தில் ஒருவனை வாசலுக்கு அனுப்பும் மோசடி இங்கே பல ஆண்டுகளாக நடக்கிறது. போலீஸ் போல நடித்து வீடியோ அழைப்பில் மிரட்டிப் பணம் பறிக்கும் ‘டிஜிட்டல் கைது’ பற்றி அப்பா ஊர்ச் செய்தித்தாளில் படித்திருப்பார். இது அதன் தம்பி என்று சொன்னால் உடனே விளங்கிக்கொள்வார்.

கூரை, சாக்கடை, சுவர்ப் பூச்சு என்று வேலை கேட்டு வருபவர்களிடம் எதிலும் கையெழுத்திட வேண்டாம். போட்டுவிட்டாலும், வாசலில் செய்த 42 பவுண்டுக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் பொதுவாக 14 நாட்களுக்குள் ரத்து செய்யலாம்.

மீனா (பர்மிங்காம்) எழுதியது:

எல்லோரும் பயனுள்ளவற்றையே சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் இவ்வளவையும் ஒரே மாலையில் உட்காரவைத்துச் சொன்னால் அந்தப் பெரியவர்கள் விமானத்தைத் திருப்பச் சொல்லிவிடுவார்கள். என் மாமியாரிடம் என் கணவர் இப்படித்தான் ஒவ்வொன்றாக எச்சரித்து வைத்தார். அதன் விளைவாக அவர் நண்பகலிலும் முன்னறைத் திரைச்சீலையை இழுத்து மூடி, தொலைக்காட்சியின் ஒலியையும் குறைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பூங்காவிற்கு நடக்கப் போவதையும் நிறுத்திவிட்டார். பகலில் திரை மூடிய வீடுதான் ஆளில்லாத வீடாகத் தெரியும் என்பதை அவருக்கு விளங்கவைக்க எங்களுக்கு வெகுநாள் ஆயிற்று.

நான் சொல்ல வருவது பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி. உங்கள் பெற்றோர் வந்த முதல் வாரத்திலேயே, இருபுறமும் உள்ள வீடுகளுக்கும் எதிர்வீட்டுக்கும் அவர்களை அழைத்துப்போய், கொஞ்சம் முறுக்கோ அதிரசமோ கொடுத்து அறிமுகம் செய்துவையுங்கள். பகலில் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒருவர் நிச்சயம் அந்தத் தெருவில் இருப்பார், அவர் எண்ணை அப்பாவின் போனில் போடுங்கள். மணியடிப்பவர்களில் பெரும்பாலானவர் பார்சல்காரர்கள்தான். அந்த ஆறு மாதத்திற்குப் பார்சல்களை அருகிலுள்ள கடைக்கோ லாக்கருக்கோ வரவழைத்துவிட்டால், வாசலுக்கு வருபவர்களே பாதியாகிவிடுவார்கள். அதன்பின் ‘இன்று யாரும் வரவேண்டியதில்லை’ என்று நீங்கள் காலையில் சொல்லிவிட்டுப் போக முடியும். வரவேண்டியவர் யாராவது இருந்தால் அவர் பெயரையும் நேரத்தையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டுங்கள்.

செப்டம்பரில் வருகிறார்கள் என்பதால் ஒன்று. அக்டோபர் 31 மாலையில் முகமூடி அணிந்த குழந்தைகள் மிட்டாய் கேட்டுக் கதவைத் தட்டுவார்கள். முன்கூட்டிச் சொல்லாவிட்டால் அம்மா பதறிப்போவார். அன்று நீங்கள் சீக்கிரம் வந்து, அம்மாவையே மிட்டாய் கொடுக்கச் சொல்லுங்கள். தெருவில் உள்ள குழந்தைகளை எல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

காவிரிச்செல்வி (ஹேரோ) எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. ‘ஆளிருப்பது தெரியட்டும், கதவு திறக்க வேண்டாம்’ என்பதில் கணவரும் ஒத்துக்கொண்டுவிட்டார். நேற்று பின்கதவைச் சோதித்தபோது, மகள் அதை ஒருநாளும் உயர்த்திப் பூட்டியதே இல்லை என்பது தெரிந்தது. எரிவாயு நிறுவனத்தில் கடவுச்சொல்லுக்குப் பதிந்துவிட்டேன், சிலிண்டருக்கு உரிமையாளரிடம் எழுதியிருக்கிறேன்.

ஒன்று மட்டும் பாக்கி இருக்கிறது. தாலிக்கொடி நீங்கலாக, நவராத்திரிக்கும் பொங்கலுக்கும் உறவினர் வீடுகளுக்குப் போகும்போது அணிவதற்கென்று அம்மா ஒரு ஆரமும் வளையல்களும் கொண்டுவருவதாகச் சொல்கிறார். வேண்டாம் என்றால் வருத்தப்படுகிறார். வடமராட்சியான் சொன்னதைப் படித்தபின், தோரணத்தையும் கழற்றிவிடலாமா என்று கணவர் கேட்கிறார்.

வடமராட்சியான் (டூட்டிங்) எழுதியது:

தோரணத்தைக் கழற்ற வேண்டாம். செருப்புகளை மட்டும் உள்ளே எடுங்கள், எத்தனை பேர் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை அவை எண்ணிச் சொல்லிவிடும். நகையை அம்மா கொண்டுவருவதானால் அலுமாரியில் சேலைகளுக்கு இடையிலும், அரிசி வாளியிலும், சாமித்தட்டுக்குப் பின்னாலும் வைக்க வேண்டாம். எங்களவர் வீடுகளுக்கு வருகிறவன் முதலில் கை வைப்பது இந்த இடங்களில்தான். தீபாவளிக் காலத்தில் ஆசியக் குடும்பங்களின் தங்கத்தைப் பற்றி லண்டன் பொலிசார் எச்சரிக்கை வெளியிடுவது வழக்கம். அது நேரமும் மாறுகிற காலம். அக்டோபரின் கடைசி ஞாயிறன்று மணிக்கூட்டைப் பின்னால் தள்ளியபின், டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். நீங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போகும் மாலைகளில் முன்னறை விளக்கும் மேல்மாடி விளக்கும் தானாக எரியும்படி நேரம் வைத்து விடுங்கள். குடும்பப் படங்களை வீடு திரும்பிய பிறகு பகிருங்கள்.

ஆலோசனை மேசை (ஈஸ்ட் ஹாம்) எழுதியது:

காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு உரிமையாளரின் காப்பீடு கட்டடத்திற்குத்தான். உங்கள் பொருள்களுக்கு நீங்கள்தான் தனியாக எடுக்க வேண்டும். தனி ஒரு பொருளுக்கு என்று ஒவ்வொரு பாலிசியிலும் ஒரு உச்சவரம்பு உண்டு. பலவற்றில் அது 1,500 பவுண்டு அளவில்தான் இருக்கும், அதற்கு மேற்பட்ட நகையைப் பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நிரந்தரமாக உங்களோடு வசிக்காத விருந்தினரின் பொருள்கள் எல்லாப் பாலிசியிலும் அடங்குவதில்லை, அடங்கினாலும் சிறு தொகைதான். பூட்டை உடைத்த அடையாளம் இல்லாமல், ஏமாற்றி உள்ளே வந்து எடுத்தவற்றுக்கு இழப்பீடு மறுக்கும் பாலிசிகளும் இருக்கின்றன. இவை மூன்றையும் உங்கள் நிறுவனத்திடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள். அம்மா ஊரிலிருந்து புறப்படும் முன்பே ஆரத்தையும் வளையல்களையும் ஓர் அளவுகோலுக்குப் பக்கத்தில் வைத்துப் படமெடுத்து, கடை ரசீதையும் எடையையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பண்டிகைக்கு இடைப்பட்ட வாரங்களில் வைக்க, ஹேரோவிலும் வெம்ப்ளியிலும் வாடகைப் பெட்டகம் தரும் தனியார் இடங்கள் இருக்கின்றனவா என்று விசாரித்துப் பாருங்கள். பெட்டகத்திற்குள் இருப்பதற்குக் காப்பீடு வாடகையிலேயே சேர்ந்ததா, தனியா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.